கிட்டே வந்துவிட்ட விண்மீன்திரள்

1

அந்த எண்ணம் எனக்கு வந்தபோது கம்பெனி பஸ் ஒரு டேங்கர் லாரிக்குப் பின்னால் நகராமல் நின்றது. காலை ஆறே முக்கால் இருக்கும். மலேசியாவில், மாசாயிலிருந்து பாசிர் கூடாங் போகும் சாலை. இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தன. பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். நான் மட்டும் முந்தின நாள் மாலை பார்த்த ஒரு நிறமாலையை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தோன்றியது: அந்தக் கோடு ஆக்ஸிஜன் இல்லை, ஹைட்ரஜன்! அப்படியென்றால் அந்த விண்மீன்திரள் நான் நினைத்த தூரத்தில் இல்லை. அதைவிட வெகு வெகு தொலைவில் இருக்கிறது.

எழுந்து நின்றுவிட்டேன். பஸ்ஸில் எழுந்து நின்று என்ன செய்வது? உட்கார்ந்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிவிட்டுத்தான் மேலே போக முடியும். வானத்தில் ஒரு கனத்த விண்மீன்திரள் இருக்கிறது. அதற்கு நேர் பின்னால், வெகு தொலைவில், இன்னொன்று இருக்கிறது. முன்னால் இருப்பதன் ஈர்ப்பு, பின்னால் இருப்பதன் ஒளியை வளைத்துவிடும். பின்னால் இருப்பது நமக்கு வில்லாக, சில சமயம் முழு வளையமாகக்கூடத் தெரியும். இதற்கு ஈர்ப்பு வில்லை, அதாவது ஈர்ப்பு லென்ஸ், என்று பெயர். படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் படம் தூரத்தைச் சொல்லாது. வில் மாதிரித் தெரிவது வெறுமனே பக்கத்தில் கிடக்கும் வளைந்த ஒரு குட்டித் திரளாகவும் இருக்கலாம். இரண்டின் தூரத்தையும் அளந்தால்தான் வில்லையா இல்லையா என்று உறுதி. அளக்க நிறமாலை வேண்டும். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால், அதில் ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் போன்றவற்றின் கோடுகள் தெரியும். தூரம் கூடக் கூட அந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் தள்ளிப் போகும். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும்.

இன்றைய பெரிய கணக்கெடுப்புகளில் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளை வானத்தை நோக்கி வைக்கிறார்கள். ஓர் இழை, ஒரு விண்மீன்திரள். தூரத்தைக் கணினியே போட்டுவிடும். ஆனால் வில்லைகளிடம் கணினி ஏமாறும். ஒரே இழைக்குள் முன்னால் உள்ளது, பின்னால் உள்ளது இரண்டின் ஒளியும் சேர்ந்து விழுவதால் அதற்குக் குழப்பம். அங்கேதான் எங்களைப் போன்ற ஆட்கள் வேண்டும். நாங்கள் கண்ணால் பார்த்துத் தூரம் குறிப்போம். எவ்வளவு உறுதி என்று பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பும் போடுவோம். நாலு என்றால் துளி சந்தேகமில்லை.

அன்று மதியம் கேண்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடிக்கணினியைத் திறந்தேன். ஒற்றைக் கோடு. இடது பக்கம் சரேலென்று எழுந்து, வலது பக்கம் வால் மாதிரி சரிந்து இறங்குகிறது. மிகத் தொலைவிலுள்ள திரள்களின் ஹைட்ரஜன் கோடு இப்படித்தான் இருக்கும். வேறு கோடு எதுவும் கண்ணில் படவில்லை. ஒளி புறப்பட்டு ஏறக்குறைய ஆயிரத்து இருநூற்று அறுபது கோடி ஆண்டுகள்.

நாலு போட்டேன்.

2

நான் மலேசியா வந்து மூன்று வருடம் முடியப் போகிறது. வேலை பெர்மிட்டும் அத்தோடு முடிகிறது.

சங்கரன்கோவிலில் அண்ணனின் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் வீடு. இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தேன். கடைசி ஆண்டு ஆய்வுக்காக ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் ஆறு மாதம் இருந்தபோதுதான் இந்த வில்லைகள் என்னைப் பிடித்துக்கொண்டன. ஆராய்ச்சிப் படிப்புக்கு இரண்டு முறை நேர்முகம் போனேன், இரண்டு முறையும் இல்லை. மூன்றாவது முறைக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கு இல்லை. அந்த நேரத்தில் பாசிர் கூடாங்கில் பாமாயில் சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை வந்தது. கிளம்பிவிட்டேன். அந்த நிலையத்தில் என் குழுவின் தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். அவர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கவில்லை. "எங்க இருந்தாலும் நெட் இருக்கும்ல, பாரு" என்றார். அதனால் வார நாளில் எண்ணெயின் நிறம் அளக்கிறேன். சிவப்பு இத்தனை, மஞ்சள் இத்தனை என்று குறிப்பது என் வேலை. வார இறுதியில் விண்மீன்திரள்களின் சிவப்பு.

மாசாயில் லெட்சுமி அக்கா வீட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். அக்கா ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். மலேசியாவிலேயே, காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஐந்தரை மணிக்கே வேனைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்பார்: "பசியாறியாச்சா?" காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். ஒரு நாள் நான் போனில் அம்மாவிடம் அதையே கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏட்டி, யாருட்டி உனக்கு இப்டிப் பேசக் கத்துக்குடுத்தா?" என்றாள் அம்மா. சிரித்தாள்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வருவதற்கு முன்னால் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அண்ணன் மகள் யாழினிக்கு நான் கிளம்பும்போது ஒரு வயது. இப்போது நாலு. அவளுக்கு அத்தை என்றால் பக்கத்து வீட்டு மாலதி. நான் "போன் அத்தை". வீடியோவில் வந்தால் இரண்டு நிமிடம் முகம் காட்டுவாள். அப்புறம் போனைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

3

நாலு போட்டு மூன்றாம் நாள் மேடத்திடமிருந்து செய்தி வந்தது. ஒரு பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பம் போகப் போகிறது. என் விண்மீன்திரள் சரியாக இருந்தால் அதுதான் முதல் இலக்கு. "இவ்வளவு தூரத்தில், இவ்வளவு பிரகாசமான வில் அபூர்வம். ஒரு திட்ட ஆய்வாளர் இடம் இருக்கிறது. நீ வந்து இதை நடத்து. பிறகு ஆராய்ச்சிப் படிப்பாக மாற்றிக்கொள்ளலாம்."

நான் மூன்று தடவை படித்தேன். "நீ வந்து". ஊருக்கு!

இங்கே என் குணத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒன்று கையில் கிடைத்தால் மூடி வைத்திருக்கத் தெரியாது. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அம்மா, நான் ரொம்ப ரொம்ப தூரத்துல ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன். அதுக்காகக் கூப்பிடுதாங்க. வந்துருவேன்."

"நெசமாவா? எப்பட்டி?"

"பெர்மிட் முடியவும் கிளம்பிருவேன்."

"இந்தா, சும்மா சொல்லக்கூடாது. ஒங்க அண்ணன் ஒன் ரூம்ல பேப்பர் பண்டலப் பூராம் அடுக்கி வச்சிருக்கான். எடுக்கச் சொல்லவா?"

"எடுக்கச் சொல்லு."

மறுநாள் வீடியோவில் பார்த்தபோது அறை காலியாகியிருந்தது. சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். யாழினி போனைப் பிடுங்கி, முகம் முழுக்கத் திரையில் வைத்துக் கேட்டாள்: "நீ ராத்திரி தூங்கும்போதும் இங்கதான் இருப்பியா? காலைலயும்?"

"காலைலயும் இருப்பேன்."

அன்றைக்கு அவள் போனைத் தரையில் வைக்கவில்லை.

அடுத்து மனிதவள அலுவலகம். அங்கே புவான் ரொஹானா என்று ஓர் அதிகாரி; புவான் என்றால் திருமதி. மூன்று வருடமாக என் காகிதங்கள் எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகின்றன. போன தடவை என் புகைப்படத்தின் பின்னணி நிறம் சரியில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் என் பெயரும் ஒன்றாக ஒட்டியிருப்பதில் எது குடும்பப் பெயர் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். இந்த முறை பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிட்டு நீட்டினேன்.

"பாலிக் கம்போங்?" என்று சிரித்தார். ஊருக்குத் திரும்புகிறாயா என்று கேட்கிறார்.

"ஆமாம், பாலிக் கம்போங்!" என்றேன். மலாயில் அவ்வளவு உற்சாகமாக நான் எதையும் சொன்னதில்லை.

லெட்சுமி அக்காவுக்கு மட்டும் முகம் சுருங்கியது. "நல்லா ஓசிச்சியா? மேல இருக்கிறத நம்பி கீழ இருக்கிற வேலைய விடுறியே லா." இங்கே பேச்சின் கடைசியில் இப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"நாலு போட்டிருக்கேன்க்கா. நாலுன்னா சந்தேகமே இல்ல."

"யாரு போட்டா?"

"நாந்தான்."

"அலமாக்!" என்று, ஐயோ என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, அக்கா வேன் கதவைச் சாத்தினார்.

4

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நிறமாலையை இரண்டு பேர் பார்ப்பார்கள். மதிப்பு போட்டு முடிக்கும் வரை இரண்டு பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளக் கூடாது. ஒருவர் உற்சாகம் இன்னொருவர் கண்ணில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்த விதி. என்னோடு பார்த்தவள் ஆனந்தி. மதுரைக்காரி, பெங்களூரில் இருக்கிறாள், என் வயதுதான். எம்.எஸ்ஸி.யிலிருந்து தோழி. அவள் மதிப்பைத் திறந்து பார்த்தேன். ஆக்ஸிஜன் என்று குறித்து, இரண்டு போட்டிருந்தாள். அதாவது, உறுதியில்லை.

உடனே போன் போட்டேன்.

"என்னடி இது, ஆக்ஸிஜனாம்?"

"நீ எப்படிடி நாலு போட்ட? ஒத்தக் கோட்ட வச்சு நாலு போடுற மொத ஆளு நீதான்."

"வால் இருக்குல்ல? வலது பக்கம் சரியுதுல்ல?"

"எனக்கு அது வால் மாதிரித் தெரியல. ரெண்டு முகடு மாதிரி இருக்கு. பக்கத்துல நம்ம ராத்திரி வானமே விடுற ஒளிக்கோடு ஒண்ணு கெடக்கு, அதான் உறுதியாச் சொல்ல முடியல. இன்னொண்ணு, படத்துல அந்த வில்லு நீலமா இருக்கு. நீ சொல்ற தூரத்துல இருந்தா நீலத்துல அது தெரியவே கூடாது."

"அது முன்னாடி நிக்கிற வேற குட்டித் திரளோட நீலமா இருக்கலாம்."

"இருக்கலாம், இருக்கலாம். நீ ஊருக்கு வரணும்னு இருக்க. அதுக்கு அந்தத் திரள் பாவம் எவ்வளவு தூரம் போகும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ அங்க இருக்கிறதால ஒனக்கு இது வெளாட்டு" என்று சொல்லிவிட்டேன்.  போனையும் வைத்துவிட்டேன். மூன்றாவது ஆளாக மேடம் பார்த்தார். நான் எழுதியிருந்த நீளமான குறிப்பைப் படித்துவிட்டு, "இப்போதைக்குத் தொலைவு என்றே வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்துக்கு நிறமாலையைப் படமாக வரைந்து அனுப்பு. படத்தைப் பார்த்து முடிவு" என்று எழுதினார்.

5

விண்ணப்பத்துக்கான படத்தை நிறமாலைகளைப் பார்க்கும் மென்பொருளான எங்கள் பார்வைக் கருவியிலிருந்து அப்படியே எடுக்க முடியாது. மூலத் தரவை எடுத்து நாமே வரைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். வெளியே அக்கா வேனுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். நிரலை ஓட்டினேன். படம் வந்தது.

இரண்டு முகடு.

தவறான இழையைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன். எண்ணைச் சரிபார்த்தேன். அதேதான். மறுபடி ஓட்டினேன். இரண்டு முகடு. இடதுபுறம் உயரமாக ஒன்று, வலதுபுறம் குட்டையாக ஒன்று. ஆக்ஸிஜனின் இரட்டைக் கோடு. நம் வானத்தின் சொந்த ஒளியைக் கழிக்கும்போது வலதுபுற முகட்டில் ஒரு பகுதியும் சேர்ந்து போயிருந்தது. அதனால்தான் குட்டை. அதனால்தான் அது எனக்கு வாலாகத் தெரிந்தது.

அப்படியென்றால் கேண்டீனில் நான் பார்த்தது என்ன? பார்வைக் கருவியைத் திறந்தேன். திரையின் கீழே மென்மையாக்கும் பட்டி ஒன்று இருக்கும். இரைச்சல் அதிகமுள்ள மங்கலான நிறமாலைகளில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைச் சராசரி செய்து வழவழப்பாக்கிக் காட்டும். அதற்கு முந்தின வாரம் மிக மங்கலான சிலவற்றைப் பார்த்தபோது அதைக் கடைசிவரை இழுத்து வைத்திருந்தேன். கருவி அதை ஞாபகம் வைத்துக்கொண்டது, நான் மறந்துவிட்டேன். இரண்டு முகடும் கரைந்து ஒரே மேடாகி, ஒரு பக்கம் வாலோடு எனக்கு முன்னால் நின்றிருக்கிறது. மதிப்பு போடும் முன் பட்டியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவா என்பது எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம். புதிதாகச் சேர்பவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

பட்டியைப் பூஜ்யத்துக்கு இழுத்தேன். மேடு பிளந்தது.

தூரம், ஒளி வந்த கணக்கில், ஏறக்குறைய எழுநூற்று எழுபது கோடி ஆண்டுகள். முன்னால் இருக்கும் திரள் ஐந்நூற்று இருபது கோடி. பின்னால் உள்ளது பின்னால்தான் இருக்கிறது. வில்லை ஏறக்குறைய உறுதி. ஆனால் இதைப்போல எங்களிடம் எத்தனையோ இருக்கின்றன. இதற்காகப் பெரிய தொலைநோக்கியை யாரும் திருப்ப மாட்டார்கள். இதற்காக என்னைக் கூப்பிடவும் மாட்டார்கள்.

அப்புறம் நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். படத்தை மென்மையாக்கி வரைந்தேன். ஒரே மேடு. அழகாக இருந்தது. கீழே சின்ன எழுத்தில் "மென்மையாக்கப்பட்டது" என்று குறிப்பும் போட்டேன். பொய் இல்லை. எல்லோரும் போடுவதுதான். அந்தப் படத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையடித்த அந்த அறையும் கூடவே கண்ணில் நின்றது. தொலைநோக்கி ஒரு நாள் திரும்பும்போது இரண்டு முகடும் எப்படியும் தெரிந்துவிடும். ஆனால் அதற்கு ஒரு வருடம் ஆகும். அதற்குள் நான் ஊரில் இருப்பேன்.

ஆனந்திக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு முகடுதான்டி."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அடக் கடவுளே" என்றாள். "நெசமாவா? நல்லாப் பாத்தியா? பட்டிய..."

"பட்டிதான்டி. கடைசி வரைக்கும் இழுத்து வச்சிருந்தேன்."

"ஏய், லூசு." பிறகு குரல் இறங்கியது. "அம்மாட்ட சொல்லிட்டியே."

"ஆமா."

"மேடத்துக்கு நான் எழுதவா?"

"வேண்டாம். யார் போட்டாங்களோ அவங்கதான் எழுதணும்."

அதுவும் எங்கள் வழக்கம்தான். தவறான மதிப்பைப் போட்டவரே, தன் பெயரில், காரணத்தோடு பொதுப் பதிவேட்டில் திருத்தம் எழுத வேண்டும். எழுதினேன். மென்மையாக்கும் பட்டியைக் கவனிக்கவில்லை, ஒற்றைக் கோடு என்பது தவறு, ஆக்ஸிஜன் இரட்டை, மதிப்பு மூன்று. அழகாக வந்த படத்தை அழித்தேன். மேடம் அன்று மாலையே பதில் போட்டார்: "நல்லது, நேரத்தில் பார்த்தாய். விண்ணப்பம் வேறு இலக்கோடு போகும். அந்த இடம் அந்த இலக்கைப் பார்த்தவருக்கு. வருத்தம்தான்."

6

புவான் ரொஹானா என் படிவத்தை ஏற்கெனவே மேலே அனுப்பியிருந்தார். அதைத் திரும்பப் பெற ஒரு கடிதம், துறைத் தலைவரிடம் ஒரு கையெழுத்து, புதிதாக எல்லாப் படிவமும், புதிதாகப் புகைப்படம். "தக் ஜாடி?" என்று கேட்டார். நடக்கவில்லையா என்று அர்த்தம். "தக் ஜாடி" என்றேன். இந்த முறை குடும்பப் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை. அவரே நிரப்பிக்கொண்டார். இன்னும் இரண்டு வருடம் கிடைக்கும் என்றார்.

லெட்சுமி அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வேன் துடைக்கும் துணியைப் பிழிந்து போட்டார். "எங்கப்பாவுக்குத் தமிழ்நாட்டுல எந்த ஊருன்னே தெரியாம போச்சு" என்றார். "பேருகூடத் தெரியாது. எத்தன தூரம்னு யார்கிட்டப் போயி கேக்குறது? ஒனக்கு ஊரு இருக்கு, போன எடுத்தா ஆளு இருக்கு. போயி சொல்லு. நாளாக ஆகத்தான் கஷ்டம்மா."

சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். இரண்டு முகடு, பட்டி, திருத்தம், எல்லாம்.  பின்னணியில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும் சத்தம் போன்வரை கேட்டது.

"அப்போ நீ சொன்ன அந்தத் தூரத்துல இல்லையா அது?"

"இல்லம்மா. அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்."

"அது கிட்ட வந்துருச்சு" என்றாள் அம்மா. "நீ தள்ளிப் போயிட்ட."

நான் அழுதது அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி, "அந்த ரூம்ல பேப்பர் பண்டல வைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். அது அப்படியே கெடக்கட்டும்" என்றாள்.

யாழினியிடம் சொல்ல வேண்டிய வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று தெரியாது. அடுத்த அழைப்பில் பிள்ளை வந்தாள், என்னைப் பார்த்தாள், போனை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை ஓடவில்லை.

இப்போது செய்ய வேண்டியது இரண்டு. பட்டியை இழுத்து வைத்திருந்த அந்த நாட்களில் நான் நாலு போட்டவை நாற்பத்தொன்று இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பூஜ்யத்தில் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். வரும் சனிக்கிழமை தொடங்குகிறேன். ஆனந்தியும் தனியாகப் பார்ப்பாள். முடிக்கும்வரை அவளோடு இதைப்பற்றிப் பேசக் கூடாது. வேறு விஷயம் பேசிக்கொள்ளலாம், பேசுகிறோம்.

இரண்டாவது, என் விண்மீன்திரள். எழுநூற்று எழுபது கோடி ஆண்டு என்பது பெரிய தொலைநோக்கிக்குச் சாதாரணம். ஆனால் நடுத்தரத் தொலைநோக்கி ஒன்றுக்கு எட்டும் தூரம் அது. வில்லின் இரண்டு முனையிலும் தனித்தனியாக நிறமாலை எடுத்தால், இரண்டும் ஒரே திரள்தானா என்று காட்டிவிடலாம். அதை யாரும் இன்னும் அளக்கவில்லை. மேடத்திடம் கேட்டேன். "எழுது, பார்க்கிறேன்" என்றார். அதுவரை நான் எந்த விண்ணப்பமும் தனியாக எழுதியதில்லை. முதல் பக்கத்தில் தூரம் எழுதும் இடத்துக்கு வந்திருக்கிறேன். எண்ணைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உறுதி எவ்வளவு என்று கேட்கிறார்கள். மூன்று என்று எழுதியிருக்கிறேன். அதை நாலாக்கத்தான் நேரம் கேட்கிறேன்.

இந்தத் தடவை அம்மாவிடம் ஊருக்கு வரும் தேதி எதுவும் சொல்லவில்லை.